தஞ்சைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: தெருப் பிரச்சினையை எங்கிருந்து தொடங்குவது?

நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த முதல் ஐப்பசியிலேயே தெரு முனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். ஏழு வாரம் கழித்து விசாரிக்கப் போனபோது, "இது எங்க வாய்க்கால் இல்லீங்களே" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குள் மார்கழி வந்துவிட்டது, தண்ணீரும் தானாக வடிந்துவிட்டது. எங்கள் மனு ஒரு கட்டில் கிடந்தது.

விஷயத்தைப் புரியவைத்தவர் தெருவில் பால் ஊற்றும் பெரியவர். "தம்பி, இதைச் சாக்கடைன்னு எழுதிக் குடுத்தா எவன் வருவான்? இது கன்னி வாய்க்கா. உங்க வீடு இருக்கிற இடமெல்லாம் அப்ப ஆறு மா நஞ்சை. அதுக்குப் பாஞ்ச வாய்க்கா இது" என்றார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். இப்போது அதில் இருபதுக்கு மேல் வீடுகள். வயல் போய்விட்டது, வாய்க்கால் மட்டும் போகாமல் எங்கள் வாசல் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

காவிரிப் படுகையில் இருக்கும் எந்த ஊரின் புதுநகரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அதனால் குறை சொல்லத் தொடங்கும் முன் அது யாருடைய பொறுப்பு என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில், உங்கள் வீடு எதற்குள் வருகிறது?

முகவரியில் தஞ்சாவூர் என்று இருப்பதால் மாநகராட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நாஞ்சிக்கோட்டை, விளார், நீலகிரி, பிள்ளையார்பட்டி எல்லாம் நகரத்தை ஒட்டியே வளர்ந்த ஊராட்சிகள். தபால்காரருக்கு எல்லாமே தஞ்சாவூர்தான், நிர்வாகத்துக்கு அப்படி இல்லை. மாநகராட்சியோடு இணைப்பது பற்றிய பேச்சும் அறிவிப்பும் வந்தபடி இருப்பதால், பக்கத்து வீட்டார் சொல்வதை விட வீட்டு வரி ரசீதை நம்புங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் ரசீதின் நகல் கேளுங்கள். அதன் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம்தான் தெருவிளக்கு, குப்பை, குடிநீர், தெருச் சாக்கடை எல்லாம். வார்டு எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் 2014-ல் மாநகராட்சி ஆனது, 51 வார்டுகள். கும்பகோணம் 2021-ல் ஆனது, 48 வார்டுகள். இரண்டு ஊருக்கும் மாமன்ற உறுப்பினர்கள் 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பதவிக்காலம் ஐந்து ஆண்டு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்றால் நகராட்சி, அங்கே நகர்மன்றம். ஊராட்சியாக இருந்தால் கிராம சபை உங்களுக்கு உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தஞ்சை மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அப்படி மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர்தான் பொறுப்பு, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிவிடுங்கள்

இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஓட்டுப் போட மட்டும் சொந்த ஊருக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் நகரத்தில் கிராம சபை மாதிரி நடக்கும் பகுதி சபாவில் (பின்னால் சொல்கிறேன்) உட்காரும் உரிமை அந்தப் பகுதி வாக்காளருக்கு உரியது. குடிமாறியவர்களுக்குப் படிவம் 8, முதல் தடவை சேர்பவர்களுக்குப் படிவம் 6. ஆன்லைனிலும் செய்யலாம், சந்தேகம் இருந்தால் 1950-ல் கேட்கலாம். ஓர் அரை மணி நேர வேலை.

தெருவை ஒரு முறை நடந்து பாருங்கள்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்குங்கள். கையில் ஒரு நோட்டு, போன். வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே நடங்கள். நான் அப்படி நடந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வாசலில் இருப்பது ஒன்றரை அடி சிமெண்ட் சாக்கடை. அது உள்ளாட்சி கட்டியது. நாற்பது அடி தள்ளி அது ஒரு மண் வாய்க்காலில் இறங்குகிறது. அந்த வாய்க்காலின் இரு கரையிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு, நடுவில் வெங்காயத்தாமரை. அது போய் ஒரு சாலையை முட்டுகிறது. சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம், உள்ளே இரண்டு குழாய். குனிந்து பார்த்தேன். ஒரு குழாயில் வெளிச்சம் தெரிந்தது. இன்னொன்றில் பழைய மெத்தை ஒன்று சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் பாட்டில்களும் தேங்காய் மட்டையும் மண்ணும் இறுகிப்போயிருந்தன. அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆகவே சிறுபாலமும் அவர்களுடையது. பாலத்தைத் தாண்டினால் வடிகால் பெரியதாகி ஆற்றை நோக்கிப் போகிறது, அது நீர்வளத் துறை.

ஒரே தண்ணீர்தான். இருநூறு மீட்டருக்குள் மூன்று கைக்கு மாறுகிறது. நாங்கள் முதலில் மனு கொடுத்தது இதில் ஒருவரிடம் மட்டும், அதுவும் அடைப்பு இல்லாத இடத்துக்குச் சொந்தக்காரரிடம்.

எது யாருடையது என்று பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். தெருச் சாக்கடை, பாதாளச் சாக்கடை, தெருக்குழாய் உள்ளாட்சி. ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறை. 2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, அதனால் பழையவர்கள் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள். சி, டி என்று சொல்லப்படும் சின்னப் பாசன வாய்க்கால்களை டெல்டாவில் அண்மை ஆண்டுகளாக வேளாண்மைப் பொறியியல் துறையும் தூர்வாருகிறது. பெரிய சாலை மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா என்பதை மைல்கல்லின் தலை நிறமே சொல்லிவிடும்: தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை. மின்கம்பம் மின்வாரியத்துடையது, அதில் தொங்கும் தெருவிளக்கு உள்ளாட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்று சொல்லும்போது கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆள் தேடாமல் நேரே வருவார். கம்பி தொங்குகிறது, கம்பம் சாய்ந்திருக்கிறது என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, இரவும் பகலும் எடுப்பார்கள்.

வாய்க்கால் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (எண்வாரியான நிலப் பதிவு) புலப்படத்தையும் (அளவோடு போட்ட நில வரைபடம்) எடுத்துப் பாருங்கள். மனையாக மாறிய வயல்களிலும் பழைய வாய்க்கால் தனி எண்ணோடு, "வாய்க்கால்" என்றோ "வாரி" என்றோ புறம்போக்காக இருக்கும். இணையத்தில் கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் காட்டுவார். புலப்படத்தில் பத்தடி அகலம், நேரில் மூன்றடி என்றால் மீதி ஏழடி எங்கே போனது என்பது வேறு கேள்வி. அது ஆக்கிரமிப்பு, தாசில்தார் வரை போகும். அந்தச் சண்டையை முதல் வருஷமே கையில் எடுக்காதீர்கள். முதலில் அடைப்பு நீங்கட்டும்.

நடக்கும்போது உங்கள் வாசலையும் பாருங்கள். காரை ஏற்றுவதற்காகச் சாக்கடை மேல் சிமெண்டில் சரிவு போட்டு, கீழே நான்கு அங்குலக் குழாயைப் பதித்துவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் அதில் எப்படிப் போகும்? எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஒன்பது இருந்தன. ஒன்று எங்கள் வீட்டினுடையது, முன்னால் இருந்தவர்கள் போட்டது. அதை உடைத்து இரும்புக் கிராதி போட்ட பிறகுதான் மற்றவர்களிடம் பேச எனக்கு வாய் வந்தது. அதைப் பார்த்து நான்கு பேர் தாங்களாகவே மாற்றினார்கள்.

யாரையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்

வார்டு உறுப்பினரைப் போய்ப் பாருங்கள், ஆனால் பிரச்சினையோடு போவதற்கு முன்னால் ஒரு தடவை சும்மா அறிமுகத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் உறுப்பினர் பெண்ணென்றால் அவருடைய கணவரிடமோ அண்ணனிடமோ பேசிவிட்டு வராதீர்கள், அவரிடமே பேசுங்கள். எனக்குத் தெரிந்து, தெருக்குழாயும் கழிவறையும் பற்றி அவர்கள் அளவுக்கு விவரம் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

அப்புறம் நாள்தோறும் தெருவுக்கு வருகிறவர்கள். தூய்மைப் பணியாளர், தண்ணீர் திறந்துவிடுகிறவர், வரி வசூலர், லைன்மேன். எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்த மேன்ஹோல் முதலில் பொங்கும் என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுங்கள், உடைந்த கண்ணாடியைத் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அம்மாவின் உள்ளங்கையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது, உடைந்த பாட்டில் கிழித்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிக் கலந்து போட முடியும்?

அலுவலகத்தில் நீங்கள் அறிய வேண்டியவர்கள் இருவர்: குப்பைக்கும் கொசுவுக்கும் சுகாதார ஆய்வாளர், சாலை, சாக்கடை, குழாய்க்கு உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர்.

மனு எழுதுவது

வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பி, உறுப்பினர் கட்டைவிரல் காட்டியதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவசரத்துக்கு அது சரி. ஆனால் பணம் ஒதுக்க வேண்டிய வேலை எதுவும் காகிதம் இல்லாமல் நகராது.

ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும். சாக்கடை, நாய், விளக்கு, சாலை என்று நான்கையும் ஒரே தாளில் எழுதினால் அது நான்கு மேசைக்குப் போக வேண்டும், எந்த மேசைக்கும் சொந்தமாகாது. "எங்கள் பகுதியில் சுகாதாரச் சீர்கேடு நிலவுகிறது" என்று பொதுவாக எழுதினாலும் பயன் இல்லை. நாங்கள் இரண்டாவது முறை எழுதியது இப்படி:

"பொருள்: சாலைச் சிறுபாலத்தின் கிழக்குக் குழாயில் அடைப்பு, அகற்றித் தரக் கோருதல். ஐயா, எங்கள் தெருவும் சாலையும் சேரும் இடத்தில், பிள்ளையார் கோயிலிலிருந்து வடக்கே சுமார் 30 அடியில் சிறுபாலம் உள்ளது. இரண்டு குழாய்களில் கிழக்குக் குழாய் முழுதும் அடைபட்டுள்ளது. இதனால் மழைக்காலத்தில் 22 வீடுகளின் முன் தண்ணீர் தேங்குகிறது. சென்ற ஐப்பசியில் 11 நாள் தேங்கியது. வரும் மழைக்கு முன் அடைப்பை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். தேதியுடன் மூன்று படங்கள் இணைப்பு."

அவ்வளவுதான், முக்கால் பக்கம். இடம் தெளிவு, கோரிக்கை ஒன்று, எண்ணிக்கை உண்டு, கோபம் இல்லை. கீழே வீட்டுக்கு ஒருவர் கையெழுத்து, கதவு எண், போன் எண். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போவதை ஒரு சுமையாக நினைக்காதீர்கள். புதிதாக வந்தவருக்குத் தெருவோடு பழக அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நான் கோடி வீட்டுப் பெரியம்மாவிடம் போனபோது அவர் கையெழுத்தும் போட்டு, 2018-ல் கஜா புயல் அடித்த இரவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று வாசலில் நின்று காட்டினார். அந்தப் படியைப் படம் எடுத்து அதையும் இணைத்தோம்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "வச்சுட்டுப் போங்க" என்றால், "ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார், வீட்டுக்காரங்ககிட்ட காட்டணும்" என்று தன்மையாகக் கேளுங்கள், போட்டுக் கொடுப்பார்கள். நேரில் போக முடியாவிட்டால் விரைவுத் தபால். வாங்கிய நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, பிறகு ஒரு மாதத்தில் ஒரு தடவை போய்க் கேளுங்கள். தெருவில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் ஒருவரே அலைய வேண்டியதில்லை.

இதற்குச் சங்கம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. குடியிருப்போர் நலச்சங்கம் அமைக்க வேண்டும் என்று தோன்றினால் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆனால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

எந்த மாதத்தில் எதைக் கேட்பது

இதை அலுவலகத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், விவசாயிகளைக் கேட்டால் தெரியும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்து இது மாறும்: 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனது. ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வாய்க்காலில் பொக்லைன் இறக்க முடியாது. ஆகவே தூர்வாரும் வேலை மாசியிலிருந்து வைகாசிக்குள்தான். அதற்கு மதிப்பீடு போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்றால் உங்கள் மனு தை மாதத்திலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய பிறகு ஐப்பசியில் ஓடிப்போய்க் கேட்டால் மோட்டார் வைத்து இறைத்துவிடுவார்கள், அதற்குமேல் அந்த மாதத்தில் எதுவும் முடியாது.

தெருச் சாக்கடைக்கும் சிறுபாலத்துக்கும் ஆடி, ஆவணி வரை நேரம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவர்கள் ஜூனில் தண்ணீர் வரும் முதல் வாரம் பிள்ளைகளைக் கரைப் பக்கம் விடாதீர்கள். வறண்டு கிடந்த இடத்தில் திடீரென்று ஆழமும் இழுப்பும் வந்துவிடும்.

பகுதி சபா

நகரங்களிலும் கிராம சபை மாதிரி ஒன்று வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தோம். 2022-ல் அதற்கான விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபாக்கள் கூடின. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்தது வார்டு குழு, அதற்குத் தலைவர் உங்கள் மாமன்ற உறுப்பினர்.

கூட்டம் எப்போது என்று உறுப்பினரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், தெருப் பலகையில் தேதியை நீங்களே எழுதிப் போடுங்கள். அறிவிப்பு கடைசி நேரத்தில் வந்தால் நான்கு பேர்தான் வருவார்கள். கூட்டத்தில் எல்லாரும் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், தெருவுக்கு ஒருவர், இரண்டு நிமிடம், கையில் முத்திரை போட்ட மனுவின் நகல். பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று கூட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவேட்டில் இல்லாத பேச்சு அடுத்த கூட்டத்துக்கு வந்து சேராது.

எதுவும் நகரவில்லை என்றால்

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் சொல்லுங்கள், மனு எண் தருவார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு துறைகளுக்கு நடுவில் சிக்கிய விஷயமென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்தான் சரியான இடம். எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அரங்கில் இருப்பார்கள், இது என்னுடையது இல்லை என்று ஒருவர் சொன்னால் யாருடையது என்று அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் சிறுபாலம் அப்படித்தான் தீர்ந்தது.

அதற்கும் மேல் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த வாய்க்காலைத் தூர்வார சென்ற மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை, வேலை உத்தரவின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். அளவீட்டுப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம் என்று இருக்கும். டேப்பைப் பிடித்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் சிறுபாலத்தில் மெத்தையை இழுத்துப் போட்ட அன்று நான்கு தொழிலாளர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி நின்றார்கள். தெருவிலிருந்து மோரும் சாப்பாடும் போயிற்று. மறுநாள் படத்தோடு அலுவலகத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தோம். அந்த அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் அடுத்த ஆவணியில் தானாகவே போன் செய்து, "இந்தத் தடவை குழாய் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு கோப்பு இருக்கிறது. மனுக்கள், முத்திரைப் பிரதிகள், படங்கள், புலப்பட நகல் எல்லாம் அதில். வீடு மாறிப் போகிறவர் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து முடிந்ததும் அந்த வருஷம் கோப்பு வைத்திருப்பவர் டார்ச்சோடு சிறுபாலத்துக்குப் போய், இரண்டு குழாயிலும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, தேதியும் நேரமும் போட்டு எழுதி வைப்பார்.